ஒரே சப்நெட்டில் 230 சாதனங்கள்: உற்பத்தி நிற்காமல் விலான் பிரிப்பது எப்படி?

பனியன்_நெட் (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். ஆபீஸ் ஒரு கட்டிடம், தையல் யூனிட் இன்னொரு கட்டிடம். நடுவில் சிங்கிள்-மோட் ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர்.

கோர் ஸ்விட்ச் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200எல், 24 போர்ட். அதற்குக் கீழே 2960-எக்ஸ் 48 போர்ட் நான்கு. அவற்றில் இரண்டு 370 வாட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் கொடுப்பவை). இவை போக மேசைக்கு அடியில் சாதாரண 8 போர்ட் ஸ்விட்சுகள் ஏழெட்டு. ஃபயர்வால் ஃபோர்டிகேட் 60எஃப். கம்ப்யூட்டர் 85, கேமரா 58, என்விஆர் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி) 2, பயோமெட்ரிக் வருகைப் பதிவு மெஷின் 14, பிரிண்டர் 12, சர்வர் 3. சர்வர்களில் ஒன்று டொமைன் கன்ட்ரோலர் (கம்ப்யூட்டர் லாகின்களை நிர்வகிப்பது), ஒன்று டேலி, ஒன்று ஃபைல் சர்வர். வைஃபையில் ஸ்டாஃப் போன்கள் ஐம்பதுக்கு மேல். எல்லாமே 192.168.1.0/24 என்ற ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதி), விலான் 1-ல் கிடக்கின்றன (விலான் என்பது அதே ஸ்விட்சுகளுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்). டிஎச்சிபி (தானாக ஐபி வழங்குவது) கொடுப்பது ஃபயர்வால், 101 முதல் 250 வரை.

பிரச்சினைகள்: காலை பத்து மணிக்கு மேல் புதிதாக வருபவருக்கு ஐபி கிடைப்பதில்லை. யூனிட் பக்கத்துக் கேமராக்கள் விட்டு விட்டு ஓடுகின்றன. பிஓஇ ஸ்விட்சில் 24 கேமராவுக்கு மேல் மாட்டினால் பவர் வருவதில்லை, மிச்சத்துக்கு இன்ஜெக்டர் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே சின்ன ஸ்விட்சில் சொருகிவிட்டால் இரண்டு கட்டிடமும் சேர்ந்து படுக்கிறது. வெளியூரில் இருக்கும் கணக்கரின் டேலி வேலைக்காக 3389 (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது ஆர்டிபி) போர்ட் ஃபார்வேர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. இப்போது பையர் (எங்களிடம் வாங்கும் நிறுவனம்) ஆடிட்டில் நெட்வொர்க் பிரித்திருக்கிறதா, லாக் (சாதனங்களின் நிகழ்வுப் பதிவு) எத்தனை நாள் வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் யூனிட் இது, முழு நாள் நிறுத்தம் கிடைக்காதுங்க. சப்நெட் மாஸ்க்கை /23 ஆக்கி முகவரிகளை இரட்டிப்பாக்கினால் போதுமா? பிரிப்பதென்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஐந்து ஸ்விட்சுக்கு ஆன்சிபிள் (பல சாதனங்களின் அமைப்பைத் தானாகப் போடும் கருவி) தேவையா, இல்லை வீண் வேலையா?

---

ரூட்_பிரிட்ஜ்

/23 ஆக்கினால் ஐபி தட்டுப்பாடு மட்டும்தான் தீரும். பிராட்காஸ்ட் பரப்பு (எல்லாருக்கும் போகும் செய்தி எட்டும் எல்லை) அப்படியே இருக்கும், லூப் (கேபிள் சுற்றி அதே ஸ்விட்சுக்கே வருவது) விழுந்தால் மறுபடி எல்லாமே படுக்கும். அதோடு கையால் ஐபி போட்ட ஒவ்வொரு சாதனத்திலும் மாஸ்க்கை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டது பாதி ஆட்களிடம் பேசும், பாதி ஆட்களிடம் பேசாது. அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிக்கிற நேரத்தில் விலானே பிரித்துவிடலாம்.

ஐபி தட்டுப்பாட்டுக்கு இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபோர்டிகேட்டில் டிஎச்சிபி லீஸ் (ஒரு சாதனம் ஐபியை வைத்திருக்கும் காலம்) இயல்பாக 604800 வினாடி, அதாவது 7 நாள். ஒருநாள் வந்து போன போன்கூட ஒரு வாரத்துக்கு ஐபியைப் பிடித்து வைத்திருக்கும். அதை 14400 ஆக்குங்கள். பழைய லீஸ்கள் தீரும் வரை பலன் தெரியாது, பொறுங்கள்.

கேமரா விட்டு விட்டு ஓடுவதை விலான் சரிசெய்யாது. கோரில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்து, யூனிட்டுக்குப் போகும் போர்ட்டில் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஏ-100 என்று இருந்தால் உங்கள் மீடியா கன்வெர்ட்டர் 100 மெகாபிட் வகை. 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் வைத்தாலும் அந்தப் பக்கம் 30 கேமரா இருந்தால் 120 மெகாபிட். அந்தக் குழாயில் போகாது, டேலியும் அதோடு சேர்ந்து திணறும். கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு இரு ஸ்விட்சிலும் 1 ஜிகாபிட் எல்எக்ஸ் எஸ்எஃப்பி (ஸ்விட்சிலேயே சொருகும் ஃபைபர் மாட்யூல்) போடுங்கள். ஃபைபர் சிங்கிள்-மோட் என்கிறீர்கள், எல்எக்ஸ் சரியாக வரும். ஒற்றை இழை ஃபைபர் என்றால் மட்டும் பைடி (ஒரே இழையில் இரு திசையும் போகும்) வகை ஜோடி வாங்க வேண்டும், இரு முனைக்கும் ஒரே மாடல் வாங்கினால் லிங்க் வராது.

பிஓஇ கணக்கு எளிது. 370-ஐ 15.4-ஆல் வகுத்தால் 24. கேமரா உண்மையில் 7 வாட் இழுத்தாலும், அது தன்னை கிளாஸ் 0 அல்லது கிளாஸ் 3 என்று சொன்னால் ஸ்விட்ச் 15.4 வாட் ஒதுக்கிவிடும். 25-வது கேமராவுக்குக் கணக்கில் மிச்சம் இல்லை. கேமரா போர்ட்டுகளில் 'பவர் இன்லைன் கன்சம்ப்ஷன் 10000' என்று மில்லிவாட்டில் கொடுத்துவிட்டு போர்ட்டை ஒருமுறை ஷட் செய்து எடுங்கள். ஸ்விட்சுக்கு 29 கேமரா என்றாலும் 290 வாட்தான். டேட்டா ஷீட்டில் இரவு ஐஆர் விளக்கு எரியும்போது எவ்வளவு என்று பார்த்துத்தான் இந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும். பகல் கணக்கை வைத்துப் போட்டால் சாயங்காலம் இருட்டியதும் மொத்த ஸ்விட்சின் பவரும் வரம்பைத் தொடும்.

இனி விலான். பலரும் செய்வது, சர்வரையும் கையால் ஐபி போட்டதையும் பழைய 192.168.1.x-லேயே விட்டுவிட்டு மற்றதை நகர்த்துவது. பார்க்க எளிது. ஆனால் நாளை விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) கொடுக்கும்போது அடி விழும். வீட்டு ரவுட்டர்களில் பாதி 192.168.1.0/24 அல்லது 192.168.0.0/24 கொடுப்பவை. வீட்டிலிருந்து 192.168.1.10-ஐத் தேடினால் அது தன் வீட்டு வைஃபையிலேயே தேடும், விபிஎன்னுக்குள் போகாது. அதனால் சர்வரையும் கம்ப்யூட்டரையும் வெளியே கொண்டுவாருங்கள். ஏணி வைத்து ஏற வேண்டிய கேமராவையும், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாத பயோமெட்ரிக்கையும் பழைய இடத்திலேயே விடுங்கள்.

நிர்வாகம் விலான் 10, 10.20.10.0/24
கம்ப்யூட்டர் விலான் 20, 10.20.20.0/24
கேமரா, பயோமெட்ரிக் விலான் 30, பழைய 192.168.1.0/24
சர்வர் விலான் 40, 10.20.40.0/24
பிரிண்டர் விலான் 50, 10.20.50.0/24
போன் வைஃபை விலான் 60, 10.20.60.0/24, லீஸ் 2 மணி நேரம்

மூன்றாவது எண்ணும் விலான் எண்ணும் ஒன்றாக இருந்தால் நள்ளிரவில் லாக் படிக்கும்போது தலை சுற்றாது.

கேட்வேக்களை (ஒரு சப்நெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாசல்) ஃபயர்வாலில் வையுங்கள். சர்வர் விலானுக்குத் தனி போர்ட், மற்றவை ஒரு ட்ரங்க் போர்ட் (பல விலான்களைச் சேர்த்துச் சுமப்பது). ஃபைல் காப்பி ஒரே 1 ஜிகாபிட் கம்பியில் போய்த் திரும்பாது. கேமராவும் என்விஆரும் ஒரே விலானில் இருப்பதால் வீடியோ ஃபயர்வாலைத் தொடவே தொடாது.

வரிசை: முதலில் ஸ்பானிங்-ட்ரீ (ஸ்விட்சுகளுக்கிடையே லூப்பைத் தடுக்கும் முறை, அதில் ஒரு ஸ்விட்ச் தலைமை, அதாவது ரூட்). எல்லா ஸ்விட்சிலும் ப்ரையாரிட்டி 32768 ஆகவே இருந்தால் மேக் எண் குறைந்தது ரூட் ஆகும். பெரும்பாலும் அது கூட்டத்திலேயே பழைய ஸ்விட்ச். கோரில் 4096 வையுங்கள். விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்குள் தானாகப் பரப்புவது) எல்லாவற்றிலும் ட்ரான்ஸ்பரன்ட். பிறகு விலான்களை உருவாக்கி ட்ரங்க்குகளில் அனுமதியுங்கள். இதுவரை யாருக்கும் எதுவும் மாறியிருக்காது, ரூட் மாறும் நொடிகளில் ஒரு சின்ன விக்கல் தவிர. அதனால் அதை மட்டும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செய்யுங்கள். அடுத்து போன் வைஃபை, அது போனாலும் உற்பத்தி நிற்காது. அப்புறம் கம்ப்யூட்டர், பத்துப் பத்தாக. பிரிண்டர். கடைசியில் சர்வர்.

நகர்த்துவதற்கு முன்னால் ஃபயர்வாலின் ஏஆர்பி (எந்த ஐபி எந்தச் சாதனத்தில்) பட்டியலையும் டிஎச்சிபி லீஸ் பட்டியலையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். ஏஆர்பியில் இருந்து லீஸில் இல்லாதது எல்லாம் கையால் போட்ட ஐபி. காலை, மதியம், இரவு என மூன்று முறை எடுங்கள். இல்லாவிட்டால் அணைந்திருக்கும் பிரிண்டர் தப்பிவிடும்.

---

விலகிநில்_3389

மேலே சொன்ன திட்டம் சரி. ஆனால் அதற்கும் முன்னால் அந்த 3389-ஐ இன்றைக்கு மூடுங்கள். 33890-க்கு மாற்றி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரான்சம்வேர் கும்பல்களுக்கு ஆர்டிபி பழகிய வாசல். கணக்கருக்கு ஐபிசெக் விபிஎன், இரண்டாம் கட்ட ஓடிபியுடன். விபிஎன்னுக்குள்ளும் அவருக்குத் தேவை டேலி சர்வரின் 3389 மட்டும்தான், மொத்த 10.20.0.0 அல்ல. ஃபயர்வால் ஃபர்ம்வேரும் பழசாக இருக்கக் கூடாது. சிவிஇ-2018-13379 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) என்ற ஓட்டை வழியாக ஃபோர்டிகேட் எஸ்எஸ்எல் விபிஎன் பாஸ்வேர்டுகள் வெளியே போய், 2021-ல் பட்டியலாகவே இணையத்தில் விழுந்தன. அப்டேட் போட்டும் பாஸ்வேர்டை மாற்றாதவர்களும் அதில் மாட்டினார்கள்.

சிஸ்கோ பக்கம் இரண்டு. 2960-எக்ஸில் ஸ்மார்ட் இன்ஸ்டால் (புது ஸ்விட்சைத் தானாக அமைக்கும் வசதி) ஓடுகிறதா என்று 'ஷோ விஸ்டாக் கான்ஃபிக்' கொடுத்துப் பாருங்கள். டிசிபி 4786-ல் கேட்கும், பாஸ்வேர்டே கேட்காது. சிவிஇ-2018-0171 இதில்தான். 'நோ விஸ்டாக்' போட்டு முடித்துவிடுங்கள். 9200எல்-ல் வெப் பக்கம் தேவையில்லை என்றால் 'நோ ஐபி எச்டிடிபி சர்வர்', 'நோ ஐபி எச்டிடிபி செக்யூர்-சர்வர்' இரண்டும். 2023 அக்டோபரில் வெளிவந்த சிவிஇ-2023-20198 அந்த வெப் பக்கம் வழியாக அட்மின் கணக்கையே உருவாக்கவிட்டது. மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தி எஸ்எஸ்எச் மட்டும். விடிஒய் லைனில் (தூரத்திலிருந்து லாகின் ஆகும் வழி) ஆக்சஸ்-கிளாஸ் போட்டு விலான் 10-லிருந்து மட்டும் உள்ளே விடுங்கள். எஸ்என்எம்பி (சாதனங்களைக் கண்காணிக்கும் முறை) கம்யூனிட்டி 'பப்ளிக்' என்று இருந்தால் வெட்கக்கேடு, பதிப்பு 3-க்குப் போங்கள்.

லூப் விஷயத்துக்கு: பயனர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்ட் (பிபிடியு என்பது ஸ்பானிங்-ட்ரீ செய்தி). சின்ன ஸ்விட்சில் லூப் போட்டால் நம் ஸ்விட்ச் அனுப்பிய பிபிடியு அதே போர்ட்டில் திரும்பி வரும், போர்ட் எர்-டிசேபிள் ஆகும் (தானாக அணையும்), மற்ற கட்டிடம் தப்பிக்கும். ஆனால் சில மலிவு ஸ்விட்சுகள் பிபிடியுவையே விழுங்கிவிடும். அதற்காக 'ஸ்டார்ம்-கன்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல் 1.00', ஆக்‌ஷன் ஷட்டவுன். 'எர்-டிசேபிள் ரெக்கவரி' இயல்பு இடைவெளி 300 வினாடி. பிபிடியு கார்டுக்கும் ஸ்டார்ம்-கன்ட்ரோலுக்கும் அதை இயக்கி விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள் போய் எழுப்ப வேண்டியிருக்கும்.

டிஎச்சிபி ஸ்நூப்பிங் போடுங்கள். யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் போர்ட்டில் சொருகினால் அது ஐபி விநியோகம் பண்ணுவதைத் தடுக்கும். இதில் இரண்டு பொறி உண்டு. அப்லிங்க்கை ட்ரஸ்ட் செய்ய மறந்தால் அந்த ஸ்விட்சில் ஒருவருக்கும் ஐபி வராது. அடுத்தது, ஆக்சஸ் ஸ்விட்ச் (கோருக்குக் கீழே இருப்பது) தானாக ஆப்ஷன் 82 என்ற, எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்னும் குறிப்பைச் சேர்த்து அனுப்பும். கோரிலும் ஸ்நூப்பிங் இருந்து, அந்தக் கீழ்நோக்கிய போர்ட் ட்ரஸ்ட் இல்லாமல் இருந்தால், கோர் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். ஆக்சஸ் ஸ்விட்சுகளில் 'நோ ஐபி டிஎச்சிபி ஸ்நூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்' கொடுத்தால் தீர்ந்தது.

லாக் பற்றி ஆடிட்டர் கேட்பது வெறும் பையர் ஆசை அல்ல. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்கள் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் 60எஃப்-ல் டிஸ்க் கிடையாது (61எஃப்-ல் உண்டு). லாக் மெமரியில் மட்டும் இருக்கிறது என்றால் ரீபூட் ஆனதும் போச்சு. ஒரு சின்ன லினக்ஸ் மெஷினில் ஆர்சிஸ்லாக் வைத்து ஃபயர்வாலையும் ஸ்விட்சுகளையும் அங்கே அனுப்பச் சொல்லுங்கள். முதல் வாரம் ஓடவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி சேர்கிறது என்று பார்த்து, அதை 180-ஆல் பெருக்கி டிஸ்க் வாங்குங்கள். சுருக்கி வைத்தால் இன்னும் நிறையவே மிச்சமாகும்.

கேமரா விலானுக்கு இன்டர்நெட் கிடையாது. முதலாளி போனில் பார்க்கணும் என்பார். என்விஆருக்கு மட்டும் வெளியே போகும் அனுமதி கொடுங்கள், வெளியிலிருந்து உள்ளே போர்ட் ஃபார்வேர்ட் கிடையவே கிடையாது, யுபிஎன்பி (சாதனமே தானாக போர்ட் திறந்துகொள்ளும் வசதி) அணைத்து வையுங்கள். ஹிக்விஷன் கேமராக்களில் 2021-ல் வந்த சிவிஇ-2021-36260-க்கு பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை, வெப் போர்ட்டை எட்ட முடிந்தாலே போதும்.

---

யாமல்_இடைவெளி

ஆன்சிபிள் கேள்விக்கு மட்டும் வருகிறேன். ஐந்து ஸ்விட்சுக்கு அது வீண் இல்லை, ஆனால் முதல் வேலையும் இல்லை. முதல் வேலை கான்ஃபிக் பேக்கப். 2 சிபியு, 4 ஜிபி ரேம் உள்ள ஒரு உபுண்டு மெய்நிகர் மெஷினில் ஆக்ஸிடைஸ்ட் போடுங்கள். இயல்பாகவே 3600 வினாடிக்கு ஒருமுறை எல்லாச் சாதனத்தின் கான்ஃபிக்கையும் இழுக்கும், கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டால் எந்த வரி எப்போது மாறியது என்பது தெரியும். ஃபோர்டிகேட்டையும் அதிலேயே சேர்க்கலாம். ஃபோர்டிகேட் ஒவ்வொரு முறையும் மறையாக்கிய பாஸ்வேர்டுகளை வேறு மாதிரிக் காட்டும், தினமும் பொய்யான மாற்றம் தெரியும். 'ரிமூவ் சீக்ரெட்' அமைப்பை இயக்கினால் அந்தத் தொல்லை போகும், ஆனால் அந்தப் பிரதியை வைத்து முழுமையாக மீட்க முடியாது. ஃபயர்வாலுக்குத் தனியாக முழு பேக்கப்பும் எடுத்து வையுங்கள்.

ஆன்சிபிளை எல்லா ஸ்விட்சிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: என்டிபி (கடிகார நேரம்), சிஸ்லாக் முகவரி, எஸ்என்எம்பி, விடிஒய் ஏசிஎல் (யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல்), விலான் பட்டியல். எந்த போர்ட் எந்த விலான் என்பதை ஆரம்பத்திலேயே இதில் கொண்டுவர வேண்டாம். தையல் யூனிட்டில் லைன் மாற்றியமைக்கும்போதெல்லாம் கேபிள் இடம் மாறும், உங்கள் கோப்பு ஒரு மாதத்தில் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு ஓடவிட்டால் சரியாக வேலை செய்துகொண்டிருப்பதையும் அது கெடுக்கும்.

அடி விழும் இடங்கள்:

'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 60' என்று கொடுத்தால் இருக்கிற பட்டியல் முழுவதும் போய் 60 மட்டும் நிற்கும். கையால் அடிக்கும்போது 'ஆட்' சேர்த்துவிடுவோம். ஆன்சிபிளின் ஐஓஎஸ்-கான்ஃபிக் மாட்யூலில் 'ஆட்' போட்ட வரி ரன்னிங் கான்ஃபிக்கில் (ஸ்விட்சில் இப்போது ஓடும் அமைப்பு) அப்படியே தெரியாது, எனவே ஒவ்வொரு ஓட்டத்திலும் 'மாறியது' என்று காட்டும். முழுப் பட்டியலையும் ஒரே வரியில் எழுதுவதுதான் சரி, எழுதும்போது நிர்வாக விலான் 10 அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது விடுபட்டால் அந்த ஸ்விட்சுக்கு உங்கள் கை எட்டாது. விலான் 1-ஐ முழுவதும் காலிசெய்யும் வரை 1-உம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

சுருக்கெழுத்தும் கூடாது. 'இன்ட் ஜிஐ1/0/5' என்று எழுதினால் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும், ஆன்சிபிள் ஒப்பிடும்போது பொருந்தாது. ரன்னிங் கான்ஃபிக்கில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும்.

'சேவ்-வென்' இயல்பாக 'நெவர்'. அதாவது மாற்றம் ரன்னிங்கில் இருக்கும், கரன்ட் போய் வந்தால் காணாமல் போகும். 'மாடிஃபைட்' என்று வையுங்கள்.

முதல் ஓட்டம் எப்போதும் செக் மோட் (எதையும் மாற்றாமல் சோதிப்பது), டிஃப் மோட் (என்ன மாறும் என்று காட்டுவது) இரண்டும் சேர்த்து. உண்மை ஓட்டத்தில் 'சீரியல் 1', ஒவ்வொரு ஸ்விட்சாகப் போகட்டும், ஒன்று விழுந்தால் அங்கேயே நிற்கட்டும். பாஸ்வேர்ட் ஆன்சிபிளின் மறையாக்கிய வால்ட்டில். வால்ட்டின் சாவியை அதே கிட்டில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், சொல்லி வைக்கிறேன்.

2960-எக்ஸில் பழைய ஐஓஎஸ் இருந்தால் புதிய உபுண்டுவிலிருந்து எஸ்எஸ்எச் ஏறாது. ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல் ஷா-1 என்ற பழைய வகைக் கையெழுத்தை இயல்பாக ஏற்பதில்லை. முடிந்தால் ஐஓஎஸ் 15.2(7)இ வரிசைக்கு ஏற்றி, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி புதிதாக உருவாக்குங்கள். முடியாவிட்டால் அந்த ஸ்விட்சுகளின் முகவரிக்கு மட்டும் எஸ்எஸ்எச் கிளையன்ட் கோப்பில் பழைய அல்காரிதத்தை அனுமதியுங்கள். மெஷின் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள்.

தூரத்தில் இருக்கும் ஸ்விட்சில் ட்ரங்க்கைத் தொடும் முன் 'ரைட் மெமரி', பிறகு 'ரீலோட் இன் 10'. மாற்றம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டு அப்புறம்தான் மறுபடி சேமிக்க வேண்டும். நடுவில் சேமித்துவிட்டால் ரீலோட் ஆனாலும் தவறான கான்ஃபிக்கோடுதான் எழும். அது பிஓஇ ஸ்விட்ச் என்றால் ரீலோட்டில் கேமராவும் அணையும், செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 9200எல்-ல் 'ஆர்க்கைவ்' பாதையை அமைத்து 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5' பயன்படுத்தினால் ரீலோட் இல்லாமலேயே பழைய நிலைக்குத் திரும்பும். சரியென்றால் 'கான்ஃபிகர் கன்ஃபர்ம்'.

---

பனியன்_நெட்

மூவருக்கும் நன்றிங்க. போர்ட்டில் ஏ-100 தான் காட்டுகிறது, எஸ்எஃப்பிக்குச் சொல்லிவிட்டேன். 3389 மூடியாச்சு.

சோதனைக்காக ஐடி அறைக் கம்ப்யூட்டர் ஐந்தை விலான் 20-க்கு மாற்றினதில் மூன்று சந்தேகம். ஒன்று, நேரடியாக ஸ்விட்சில் இருந்த மூன்றும் புது ஐபி வாங்கிவிட்டன, சின்ன ஸ்விட்ச் வழியாக வரும் இரண்டு பழைய ஐபியோடு முழிக்கின்றன. இரண்டு, புது விலானிலிருந்து பயோமெட்ரிக் சிலது பிங் ஆகிறது, சிலது ஆவதில்லை, ஃபயர்வால் பாலிசி ஒன்றேதான். மூன்று, ஒரு கம்ப்யூட்டரில் ஷேர் செய்த பிரிண்டர் புது விலானிலிருந்து தெரிவதில்லை.

சர்வரை நகர்த்தினால் பயோமெட்ரிக்கில் 192.168.1.12 என்று பதிந்திருக்கும் சர்வர் முகவரியை 14 மெஷினிலும் ஒரே இரவில் மாற்ற முடியுமா என்பதும் பயமாக இருக்கிறது.

---

ரூட்_பிரிட்ஜ்

மூன்றுக்குமே காரணம் பிடிபடக்கூடியதுதான்.

விலான் மாறினால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. லிங்க் விழுந்து எழுந்தால்தான் டிஎச்சிபியை மறுபடி கேட்கும். நேரடி போர்ட்டில் ஷட், நோ ஷட் கொடுத்தால் போதும். சின்ன ஸ்விட்ச் நடுவில் இருந்தால் விழுவது அந்த ஸ்விட்சின் லிங்க், கம்ப்யூட்டரின் லிங்க் விழாது. அந்தச் சின்ன ஸ்விட்சின் அடாப்டரைப் பிடுங்கிச் சொருகுங்கள். பெரிய அளவில் செய்வதற்கு முந்தின நாளே பழைய ஸ்கோப்பின் (டிஎச்சிபி கொடுக்கும் முகவரித் தொகுதி) லீஸை 600 வினாடிக்குக் குறைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்குள் தானாகவே வழிக்கு வரும்.

பதில் சொல்லாத பயோமெட்ரிக்குகளில் கேட்வே 0.0.0.0 என்று இருக்கும். எல்லாம் ஒரே சப்நெட்டில் இருந்தவரை கேட்வே இல்லாமலேயே ஓடியது, மாட்டியவர் கவலைப்படவில்லை. இப்போது கேள்வி உள்ளே போகிறது, பதிலுக்கு வெளியே வர வழி தெரியவில்லை. மெனுவில் போய்ப் போட முடிந்தவற்றுக்கு 192.168.1.1 போடுங்கள். பாஸ்வேர்ட் தெரியாதவற்றுக்கு, சர்வர் விலானிலிருந்து விலான் 30-க்குப் போகும் பாலிசியில் நேட் (அனுப்புபவரின் முகவரியை மாற்றி அனுப்புவது) இயக்குங்கள். அப்போது கேட்பது 192.168.1.1 என்றே அந்த மெஷினுக்குத் தோன்றும், பக்கத்து ஆளுக்குப் பதில் சொல்ல கேட்வே வேண்டாம். கேமராக்களிலும் இதே கதை இருக்கும். அந்தப் பாலிசியில் இழுக்கும் வகை அட்டெண்டன்ஸ் மென்பொருளுக்கு 4370 போர்ட் மட்டும் போதும்.

சர்வர் முகவரிக்கு: ஃபோர்டிகேட்டில் விலான் 30 பக்கம் 192.168.1.12 என்று ஒரு விஐபி (வேறு முகவரிக்குத் திருப்பும் மெய்நிகர் ஐபி) வைத்து 10.20.40.12-க்குத் திருப்பிவிடுங்கள். பழைய முகவரிக்கு வரும் ஏஆர்பிக்கு ஃபயர்வாலே பதில் சொல்லும், பயோமெட்ரிக் எதுவும் மாறியதாக உணராது. கேட்வே இல்லாத மெஷினுக்குக்கூட இது வேலை செய்யும், அதன் கண்ணுக்கு சர்வர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பாலிசியில் லாக் இயக்கி வைத்தால் யார் யார் இன்னும் பழைய முகவரியைத் தட்டுகிறார்கள் என்பது தெரியும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்து, லாக் காலியானதும் விஐபியை எடுத்துவிடலாம். விஐபி போடும் முன் உண்மையான சர்வர் பழைய விலானை விட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் ஐபி மோதல்.

டேலிக்கும் ஃபைல் சர்வருக்கும் டேட்டா பாதையில் ஐபி எழுதியிருந்தால் சர்வர் பெயருக்கு இப்போதே மாற்றிவிடுங்கள், நகர்த்தும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். டேலி லைசன்ஸ் கேட்வே இயல்பாக 9999-ல் கேட்கும், அதையும் ஃபைல் ஷேருக்கான 445-ஐயும் பாலிசியில் சேருங்கள். டொமைன் கன்ட்ரோலருக்கு 53, 88, 123, 135, 389, 445, 464 எல்லாம் திறந்துவிட்டு 49152 முதல் 65535 வரையிலான டிசிபியை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் லாகின் ஆகும், ஆனால் குரூப் பாலிசி இழுத்துக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலரின் ஐபி மாறியதும் டிஎச்சிபி கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியையும் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

---

விலகிநில்_3389

பிரிண்டர் கேள்வி விட்டுப்போனது. ஷேர் செய்த அந்தக் கம்ப்யூட்டர் டொமைனில் சேராத ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் விதி டொமைன் ப்ரொஃபைலில் எங்கிருந்து வந்தாலும் விடும். ப்ரைவேட் ப்ரொஃபைலில் 'லோக்கல் சப்நெட்' மட்டும். கம்ப்யூட்டரை டொமைனில் சேருங்கள், அல்லது அந்த விதியின் ரிமோட் முகவரியில் 10.20.20.0/24-ஐச் சேருங்கள். அதைவிட நல்லது, பிரிண்டரை விலான் 50-ல் நேரடியாக வைத்து, பிரிண்ட் சர்வர் வழியாக 9100-ல் அச்சடிப்பது.

---

கோர்_ரவுட்டர்

ஒரு மாற்றுக் கருத்து. கையில் 9200எல் இருக்கிறது. ரவுட்டிங்கை அதில் வைக்காமல் 60எஃப் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? ஃபயர்வால் படுத்தால் உள்ளே டேலியும் படுக்குமே.

---

ரூட்_பிரிட்ஜ்

படுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்ச் ஏசிஎல் போகும் பாக்கெட்டையும் திரும்பும் பாக்கெட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். எந்த இணைப்பு யார் தொடங்கியது என்ற நினைவு அதற்கு இல்லை. மேலே சொன்ன நேட், விஐபி இரண்டும் அதில் கிடையாது. ஆடிட்டர் கேட்கும் லாக்கும் ஃபயர்வாலில்தான் ஒழுங்காக வரும். 1 ஜிகாபிட் அளவுக்கு 60எஃப் தாங்கும், உள் விலான்களுக்கிடையே ஆழமான இன்ஸ்பெக்‌ஷன் எல்லாவற்றையும் இயக்காமல் இருந்தால். படுப்பதுதான் பயம் என்றால் இன்னொரு 60எஃப் வாங்கி எச்ஏ ஜோடியாக (ஒன்று படுத்தால் மற்றது ஏற்கும்) வைப்பது வழி. ஒரே நேரத்தில் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் மட்டும் இருக்கக் கூடாது.

பனியன்_நெட், கடைசி வேலையாக விலான் 1-ல் மிஞ்சிய கேமராக்களை 30-க்குத் தள்ளும்போது: முதலில் ஃபயர்வாலின் 192.168.1.1-ஐ டேக் (பாக்கெட்டில் ஒட்டும் விலான் எண்) இல்லாத இன்டர்ஃபேசிலிருந்து விலான் 30 இன்டர்ஃபேசுக்கு மாற்ற வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கேமரா போர்ட்டுகளை மாற்றி முடிக்கும் வரை பயோமெட்ரிக் சர்வரோடு பேசாது, பதிவுகளைத் தன் மெமரியில் வைத்துக்கொண்டு அப்புறம் கொடுக்கும். என்விஆர் போர்ட்டையும் அதே கையோடு மாற்றுங்கள், தாமதித்தால் அந்த நேரத்துப் பதிவு இருக்காது. ஃபயர்வாலில் ஐபியை நகர்த்த முயன்றால், பழைய இன்டர்ஃபேசைப் பாலிசிகளும் விஐபியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அது மறுக்கும். புதிய பாலிசிகளை முன்னாலேயே எழுதி முடக்கி வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. ட்ரங்க்குகளின் நேட்டிவ் விலானை (டேக் இல்லாமல் போகும் விலான்) 999-க்கு மாற்றுவது அதற்கும் பிறகு. இரு முனையிலும், தூரத்து முனையை முதலில். ஒரு முனை மட்டும் மாறினால் ஸ்பானிங்-ட்ரீ பொருந்தாமையைப் பார்த்து அந்த விலானை அடைத்துவிடும். விலான் 10 டேக்கோடு போவதால் உங்கள் எஸ்எஸ்எச் நிற்காது, அங்கிருந்தே இந்தப் பக்கத்தையும் மாற்றிவிடலாம்.